சேலத்துக்குப் புதிய ரயில் பாதை: பணத்தை எந்த வழியில் கேட்பது?

பட்ஜெட் கூட்டத்தொடர் நெருங்கினால் சேலத்திலிருந்து டெல்லிக்கு மனுக்கள் கிளம்பும். செவ்வாய்பேட்டை, லீ பஜார் வியாபாரிகள் எழுதுவார்கள். சூரமங்கலத்தில் தினமும் ரயிலேறும் ஊழியர்களும் மாணவர்களும் எழுதுவார்கள். மொரப்பூர்–தருமபுரி பாதை எப்போது, சின்னசேலம்–கள்ளக்குறிச்சி எப்போது, விருத்தாசலம் வரைக்கும் கிடக்கும் ஒற்றைப் பாதை இரட்டையாவது எப்போது என்று கேட்போம். எந்தப் பாதை வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமே இல்லை. அதற்கான பணம் எங்கிருந்து வர வேண்டும், அந்தப் பணத்தை நாடாளுமன்றம் எந்த நாளில் பேச வேண்டும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். அதை டெல்லி பார்த்துக்கொள்ளும் என்று விட்டதன் பலனைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த முறை மனு எழுதுவதற்கு முன் இரண்டு முடிவுகளை எடுத்துவிடலாம். பணத்துக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: மத்திய பட்ஜெட், கடன், மாநில அரசின் பங்கு, தனியார் முதலீடு. அவையில் அதைப் பேச வைப்பதற்கு மூன்று வழிகள்: பழைய தனி ரயில்வே பட்ஜெட், இன்றைய மானியக் கோரிக்கை (ஓர் அமைச்சகம் தன் ஆண்டுச் செலவுக்கு மக்களவையிடம் ஒப்புதல் கேட்பது), அல்லது ரயில்வே நிதிக்கென்று ஆண்டுதோறும் ஒரு தனி மசோதா. நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கு மாநிலம், தண்டவாளத்துக்கு மத்திய பட்ஜெட். அவையில் இன்றைய மானியக் கோரிக்கையே போதும். ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் கட்டாயமாக விவாதிக்கப்பட வேண்டும். இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதற்கு நம் ஊர்ப் பாதைகளே சாட்சி.

கரூர் பாதையும் கொங்கண் பாதையும்

சேலம்–கரூர் பாதைக்கு 1996-97 பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. தூரம் சுமார் 85 கிலோமீட்டர். மல்லூர், ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாக, பெரிய மலையோ சுரங்கமோ இல்லாத நிலம். காவிரிப் பாலம்தான் பெரிய வேலை. பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2013 மே மாதம். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து கிலோமீட்டர். ஒரு மாவட்டத் தலைநகரமான நாமக்கல், முட்டையும் லாரியுமாக நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர், அதுவரை ரயிலையே பார்க்கவில்லை. சேலத்திலிருந்து கரூருக்கு ரயிலில் போகிறவர்கள் ஈரோட்டைச் சுற்றித்தான் போனார்கள்.

கொங்கண் ரயில்வேயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கான கழகம் 1990-இல் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், எண்ணற்ற பாலங்கள், சுமார் 740 கிலோமீட்டர். 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறந்தாகிவிட்டது. எட்டே ஆண்டுகள்.

நம்மிடம் பொறியாளர்களுக்குப் பஞ்சம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. வித்தியாசம் பணம் வந்த விதத்தில் இருந்தது. கொங்கணுக்கு மத்திய அரசு 51 சதவீதம், மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கேரளமும் கோவாவும் தலா 6 என்று பங்கு போட்டு ஒரு நிறுவனத்தை அமைத்தார்கள். மீதிப் பணத்தைக் கடன் பத்திரங்களாகச் சந்தையில் திரட்டினார்கள். வேலை செய்கிற வேகத்துக்குப் பணம் காத்திருந்தது. கரூர் பாதையில் பணத்துக்காக வேலை காத்திருந்தது. ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டில் கொஞ்சம், மார்ச் முடிந்தால் மறுபடி அடுத்த பட்ஜெட்டைப் பார்த்திருப்பது என்று பதினேழு ஆண்டுகள் போயின.

இதைப் படித்ததும், அப்படியானால் கடனே சிறந்த வழி என்று தோன்றும். எனக்கும் அந்த வேகத்தின் மேல் ஆசை உண்டு. ஆனால் கொங்கண் கழகத்தின் பிற்கால வரவு செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வட்டிச் சுமை அதை நீண்ட காலம் அழுத்தியது. இரட்டைப் பாதை போன்ற அடுத்த கட்ட வேலைகளுக்குச் சொந்தப் பணம் இல்லாமல் போனது. மும்பைக்கும் மங்களூருக்கும் நடுவில் ஓடும் பாதைக்கே அந்த நிலை. மொரப்பூர்–தருமபுரி 36 கிலோமீட்டரும், சின்னசேலம்–கள்ளக்குறிச்சி 16 கிலோமீட்டரும் டிக்கெட் வருமானத்தில் வட்டி கட்டுமா? கட்டாது. அந்தப் பாதைகள் தேவைப்படுவது லாபத்துக்காக அல்ல. தருமபுரிக்காரர் சென்னை ரயிலைப் பிடிக்க ஊரிலேயே ஏற வேண்டும், கள்ளக்குறிச்சியில் விளைவது சரக்கு ரயிலில் போக வேண்டும் என்பதற்காக.

கடன் என்றால் யாருடைய கடன்?

ரயில்வேக்குக் கடன் வாங்கித் தருவதற்கென்றே 1986-இல் இந்திய ரயில்வே நிதிக் கழகம் தொடங்கப்பட்டது. அது சந்தையில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, எஞ்சினும் பெட்டியும் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடும். ரயில்வே அசலையும் வட்டியையும் சேர்த்து ஆண்டுதோறும் குத்தகைப் பணமாகக் கட்டும். 2015-இல் எல்ஐசியிடமிருந்து ஐந்து ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் வரை பெறுவதற்கு ஓர் ஒப்பந்தமும் போட்டார்கள்.

எஞ்சினுக்கும் வேகனுக்கும் இந்த வழி பொருந்தும். வாங்கிய மறுநாளே அவை சம்பாதிக்கத் தொடங்கிவிடும். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிவரும் வேகன் தன் குத்தகையைத் தானே கட்டிவிடும். புதிய பாதை அப்படியல்ல. நிலம் எடுக்கவே நாலைந்து ஆண்டு போகும். அந்த நாலைந்து ஆண்டும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ரயில்வேயின் இயக்க விகிதம் 2023-24-இல் 98.43. நூறு ரூபாய் சம்பாதிக்க 98 ரூபாய் 43 காசு செலவு. மிஞ்சுகிற ஒன்றரை ரூபாயில் எத்தனை பாதைக்கு வட்டி கட்ட முடியும்? 2021-22-இல் அந்த விகிதம் நூறைத் தாண்டி 107-க்கு மேல் போயிருந்தது. கடன் கட்டுவதற்குக் கை தாழ்ந்தால் கடைசியில் பயணக் கட்டணத்திலோ பராமரிப்பிலோதான் கை வைப்பார்கள். மத்திய அரசே அண்மை ஆண்டுகளில் இந்தக் கடன் வழியைச் சுருக்கிக்கொண்டு நேரடி பட்ஜெட் பணத்துக்குத் திரும்பியதன் காரணமும் இதுதான். 2024-25-இல் ரயில்வேக்கான மூலதனச் செலவு சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் கோடி. அதில் 2 லட்சத்து 52 ஆயிரம் கோடி பட்ஜெட்டிலிருந்தே வந்தது.

கடனில் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் இருக்கிறது. கழகம் பத்திரம் விற்கிறபோது எந்த ஊருக்கு எவ்வளவு என்ற கேள்வி அவைக்கு வருவதில்லை. பட்ஜெட் பணமென்றால் நம் எம்பி எழுந்து, எங்கள் ஊருக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம்.

தனியார் பணம் நமக்குப் புதிதல்ல

சேலத்துக்கு 1861-இல் வந்த முதல் ரயிலே தனியார் பணத்தில் வந்ததுதான். மெட்ராஸ் ரயில்வே என்ற லண்டன் நிறுவனம் சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம் வழியாக மேற்குக் கரையிலுள்ள பேப்பூர் வரை பாதை போட்டது. ஆனால் அந்த முதலாளிகள் எந்த நஷ்டத்தையும் தோளில் ஏற்றவில்லை. நிலம் இலவசம், 99 ஆண்டு ஒப்பந்தம், போட்ட முதலுக்கு ஐந்து சதவீத வட்டி வரை அரசு உத்தரவாதம். வருமானம் குறைந்தால் இந்திய வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டப்பட்டது. லாபம் வந்தால் அவர்களுக்கு, வராவிட்டால் நம் முன்னோர் கட்டிய நிலவரியிலிருந்து.

இப்போதும் தனியாரைக் கூப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. 2020-இல் 109 வழித்தடங்களில் 151 தனியார் ரயில்கள், 30,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்தார்கள். மறு ஆண்டு ஏலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய விண்ணப்பங்களே வந்தன, திட்டம் கைவிடப்பட்டது. 2022 ஜூனில் கோவையிலிருந்து ஈரோடு, சேலம் வழியாக ஷீரடிக்குப் போன பாரத் கௌரவ் ரயிலைத் தனியார் நடத்தினார்கள். அது சுற்றுலா ரயில், அதற்குக் கூட்டமும் வந்தது. ரயிலை வாடகைக்கு எடுத்து ஓட்டத் தனியார் வருவார்கள். தண்டவாளம் போடவும், அதுவும் கள்ளக்குறிச்சிக்குப் போடவும் வர மாட்டார்கள். உத்தரவாதம் கொடுத்தால் வருவார்கள்; அது 1850-களுக்குத் திரும்பிப் போவது. இந்த வழியை மனுவில் சேர்க்கவே வேண்டாம்.

மாநிலம் ஏன் தர வேண்டும்?

இங்கேதான் நம் ஊரில் வாக்குவாதம் சூடாகும். ரயில் மத்திய அரசின் பட்டியலில் உள்ளது, வருமானமும் அங்கேதான் போகிறது, நாம் ஏன் பங்கு தர வேண்டும் என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. கொள்கையளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் பக்கத்து மாநிலத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கர்நாடகம் பல பாதைகளுக்கு நிலத்தை இலவசமாகத் தந்து, கட்டுமானச் செலவிலும் பாதியை ஏற்றுக்கொள்கிறது. பெங்களூரு புறநகர் ரயிலுக்கு 15,767 கோடி ரூபாய்த் திட்டத்தில் மாநிலம் 20 சதவீதம், மத்திய அரசு 20, மீதி கடன் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒசூர் தாண்டியதும் ஒரு நியாயம், ஒசூருக்கு இந்தப் பக்கம் ஒரு நியாயம் என்று இருக்கும்வரை பாதை அந்தப் பக்கம்தான் வளரும்.

பாதிச் செலவை மாநிலம் தர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நிலத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். நிலம் எடுக்கும் வேலையை எப்படியும் மாநில வருவாய்த் துறைதான் செய்கிறது. தாசில்தார் அளந்து, மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து, இழப்பீடு நிர்ணயித்து முடிக்க வேண்டும். பணம் டெல்லியிலிருந்து, வேலை கலெக்டர் அலுவலகத்திலிருந்து என்று இரண்டாகப் பிரிந்து கிடப்பதால், தாமதத்துக்கு ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டே காலம் போகிறது. தமிழ்நாட்டுத் திட்டங்களுக்குத் தேவையான நிலத்தில் ஏறத்தாழ கால்பங்குதான் கைக்கு வந்திருக்கிறது என்று ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்கிறது. இழப்பீட்டுப் பணத்தை முதலில் விடுவியுங்கள் என்கிறது மாநிலம். பணமும் வேலையும் ஒரே கையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

நிலம் கொடுக்கிறவர்களுக்கும் இதுவே நல்லது. 2018-இல் எட்டுவழிச் சாலைக்காகத் தங்கள் வயலில் கல் நட்டபோது சேலத்து விவசாயிகள் பட்ட வேதனையை நாம் பார்த்தோம். யாரிடம் முறையிடுவது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. இழப்பீடு தருகிறவர் உள்ளூரில் கேள்வி கேட்கக்கூடியவராக, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வருகிறவராக இருப்பது முக்கியம்.

பட்ஜெட் பணம், ஆனால் ஆயிரம் ரூபாயாக அல்ல

மீதி மத்திய பட்ஜெட். அதன் பெரிய குறை, ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு என்பதுதான். பிங்க் புத்தகம் என்று நாம் சொல்கிற பணித்திட்டப் பட்டியலில் ஈரோடு–பழனி போன்ற புதிய பாதைகளுக்குச் சில ஆண்டுகள் வெறும் ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள். திட்டம் பட்டியலிலிருந்து நீங்கிவிடாமல் உயிரோடு வைத்திருக்க அந்த ஆயிரம். 91 கிலோமீட்டர் பாதைக்கு ஆயிரம் ரூபாய் என்பதைப் பார்த்து ஈரோட்டுக்காரர்களும் பழனிக்காரர்களும் கொதித்தது நியாயமே.

எனவே மனுவில் பாதையின் பெயரோடு ஆண்டுவாரித் தொகையையும் கேட்க வேண்டும்: முதல் ஆண்டு இவ்வளவு, இரண்டாம் ஆண்டு இவ்வளவு என்று, திட்டம் முடிகிற ஆண்டு வரை. பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே உறுதி கொடுப்பது நடக்காத காரியமல்ல. 2000-ஆம் ஆண்டின் மத்திய சாலை நிதிச் சட்டம், பெட்ரோல் டீசல் வரியின் ஒரு பங்கை லெவல் கிராசிங் பாதுகாப்புக்கு என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. அதே நேரம், சட்டத்தில் எழுதாமல் வாக்காக மட்டும் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2017-18-இல் தொடங்கிய தேசிய ரயில் பாதுகாப்பு நிதிக்கு ஆண்டுக்கு 20,000 கோடி, அதில் 5,000 கோடி ரயில்வேயின் சொந்த வருவாயிலிருந்து என்றார்கள். அந்தச் சொந்தப் பங்கின் பெரும்பகுதி வரவே இல்லை என்று தணிக்கைத் துறைத் தலைவரின் 2022 அறிக்கை காட்டியது.

அவையில் எந்த நாள்?

தனி ரயில்வே பட்ஜெட்டைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மனுவில் எழுத வேண்டும் என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். அக்வொர்த் குழுவின் பரிந்துரைப்படி 1924-இல் பொது பட்ஜெட்டிலிருந்து பிரித்தது 2016 வரை நீடித்தது; அதன்பின் இரண்டையும் மறுபடி இணைத்துவிட்டார்கள். அமைச்சர் ஊர் ஊராகப் பெயர் வாசிப்பார். சேலம் என்ற சொல் வருகிறதா என்று வானொலிக்கும் டிவிக்கும் காது கொடுத்திருப்போம். அந்த நாளின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அந்தப் பட்ஜெட் பாதையைத் தந்ததா? 2014 ஜூலையில் ரயில்வே பட்ஜெட் உரையிலேயே அன்றைய ரயில்வே அமைச்சர் சதானந்த கௌடா கணக்குச் சொன்னார்: முப்பது ஆண்டுகளில் ஒப்புதல் பெற்ற திட்டங்கள் 676, முடிந்தவை 317, மீதமுள்ள 359-ஐ முடிக்க இன்னும் 1 லட்சத்து 82 ஆயிரம் கோடி வேண்டும். கைதட்டலுக்காக அறிவித்துப் பணம் இல்லாமல் விட்ட அந்த வரிசையில்தான் நம் கரூர் பாதையும் நின்றது. மேலும் பழைய முறையில் ரயில்வே, அரசு போட்ட முதலுக்காக ஆண்டுதோறும் ஈவுத்தொகை கட்ட வேண்டியிருந்தது. இணைத்தபோது மிச்சமானதாக மத்திய அரசு சொன்ன தொகை ஆண்டுக்கு 9,700 கோடி. அதைத் திரும்பச் சுமத்துவானேன்?

இன்னொரு நன்மையும் இணைப்போடு வந்தது. 2017 முதல் பட்ஜெட் பிப்ரவரி 1-ஆம் தேதியே வருகிறது, மார்ச்சுக்குள் நிறைவேறுகிறது. முன்பு முழு ஒப்புதல் மே மாதம் கிடைக்கும். டெண்டர் விட்டு முடிப்பதற்குள் மழை பிடிக்கும். சேலத்தில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நல்ல மழை. மண் வேலை நிற்கும். பிறகு மார்ச் வந்துவிடும். ஏப்ரலிலேயே பணம் கையில் இருப்பது கட்டுமானத்துக்குச் சின்ன விஷயமல்ல.

ஆண்டுக்கொரு தனி நிதி மசோதா என்பது கனடா பல பத்தாண்டுகள் நடத்திய முறை. கனடியன் நேஷனல் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கும் கடன் உத்தரவாதத்துக்கும் அங்கே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுவந்தது. நாடாளுமன்றக் குழு, ரயில்வே அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. ஆனாலும் 1937-லும் 1952-லும் அந்த ரயில்வேயின் மூலதனக் கணக்கையே சட்டம் போட்டுத் திருத்தி எழுத வேண்டிவந்தது; 1995-இல் அது தனியாருக்கே போய்விட்டது. நம் அவையில் இன்னொரு மசோதா என்றால் அமளியில் சிக்க இன்னொரு இடம். ரயில்வே வாரியத்தின் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1989 சட்டத்தோடு சேர்க்கிற எளிய திருத்த மசோதாவே 2024 ஆகஸ்டில் வந்து, டிசம்பரில் மக்களவையைத் தாண்டி, 2025 மார்ச்சில்தான் மாநிலங்களவையைக் கடந்தது. பாதைக்கான பணம் அப்படி ஏழு மாதம் காத்திருக்கக் கூடாது.

ஆக இன்றைய மானியக் கோரிக்கை. அதிலுள்ள ஆபத்து கில்லட்டின். எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளையும் விவாதிக்க நேரமில்லை என்பதால் அலுவல் ஆய்வுக் குழு சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கும். மீதி அனைத்தும் கடைசி நாளில் விவாதமின்றி ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்குப் போகும். 2023 மார்ச் 23 அன்று அமளிக்கு நடுவே சுமார் 45 லட்சம் கோடி ரூபாய்ச் செலவும் அப்படித்தான் நிறைவேறியது. ரயில்வேயும் அதில் அடக்கம். 2024-லும் 2025-லும் ரயில்வே கோரிக்கையை மக்களவை எடுத்து விவாதித்தது, அமைச்சரும் பதில் சொன்னார். அடுத்த ஆண்டும் எடுப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முன்பு பதினாறு கோரிக்கைகளாக வந்த ரயில்வே இன்று ஒரே கோரிக்கை. அந்த ஒன்றையும் பேசாமல் விட்டால் நாட்டின் மிகப்பெரிய பொதுப் போக்குவரத்து பற்றி மக்களவை அந்த ஆண்டு வாயே திறக்கவில்லை என்று பொருள். மாநிலங்களவை பேசலாம், மானியத்தின் மேல் வாக்களிக்கும் உரிமை அதற்கு இல்லை. நிதி ஒதுக்க மசோதாவையும் அது பதினான்கு நாளில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அதனால் மனுவின் முதல் வரி பாதையின் பெயராக இல்லாமல், ரயில்வே மானியக் கோரிக்கையை ஆண்டுதோறும் கில்லட்டினுக்கு வெளியே வைத்து இரண்டு நாள் விவாதிக்க வேண்டும் என்பதாக இருக்கட்டும். இது சேலத்துக்கு மட்டுமான சலுகை அல்ல என்பதால் கட்சி பார்க்காமல் எந்த எம்பியும் ஆதரிக்கலாம். இரண்டாவது வரியில் திட்டம் முடியும்வரை ஆண்டுவாரித் தொகை. மூன்றாவதில் நிலச் செலவை ஏற்க மாநிலத்துக்கு வேண்டுகோள். பாதைகளின் பட்டியல் அதற்குப் பிறகு வரட்டும்.

காலமும் முக்கியம். அடுத்த ஆண்டுக்கான பணித்திட்டம் கோட்டத்திலிருந்து மண்டலத்துக்கும், மண்டலத்திலிருந்து ரயில்வே வாரியத்துக்கும் போவது பட்ஜெட்டுக்குப் பல மாதங்கள் முன்பே. 2007 நவம்பரில் சேலத்துக்கென்று தனிக் கோட்டம் கிடைத்ததால் அந்த முதல் வாசல் நம் ஊரிலேயே இருக்கிறது; அங்கே மழைக்காலம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். எம்பியிடம் ஜனவரிக்குள். பிப்ரவரியில் அவை இடைவேளை விடும்போது நாடாளுமன்றத்தின் ரயில்வே நிலைக்குழு கோரிக்கையை ஆராயும். அந்தக் குழுவுக்கு ஒரு நகல். இத்தனைக்கும் பிறகு ஒதுக்கீடு ஆயிரம் ரூபாயாக வந்தால், கோரிக்கையில் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி ஒரு குறையைப் பேச வைக்கும் வெட்டுத் தீர்மானம் ஒன்றைக் கொடுத்துப் பாதையின் பெயரை அவைக் குறிப்பில் ஏற்றும்படி நம் எம்பியைக் கேட்க வேண்டும். இன்னொரு நகல் கலெக்டர் அலுவலகத்துக்கு, நிலத்துக்காக.